அடுப்பில் சுக்கு, அலமாரியில் தெர்மாமீட்டர்

எங்கள் வீட்டில் யாராவது இரண்டு முறை தும்மினால் போதும், அத்தை அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார். சுக்கா, துளசியா, மிளகா என்பது தும்மலின் சத்தத்தைக் கேட்டதும் அவருக்குத் தெரிந்துவிடும். நான் கல்யாணமாகி பாளையங்கோட்டைக்கு வந்ததிலிருந்து அந்த அடுப்புப் பக்கம் நின்று நிறையக் கற்றுக்கொண்டேன். சிலவற்றில் அவரோடு முட்டிக்கொண்டதும் உண்டு. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டது கொஞ்சம், நாட்டு மருந்துக் கடையில் நின்று தெரிந்துகொண்டது கொஞ்சம். இப்போது எங்களுக்கென்று ஒரு முறை வந்திருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போய்விடும். எந்தக் கசாயமும் அந்த வைரஸை விரட்டியதாக எனக்குத் தெரியவில்லை. கசாயம் பார்ப்பது வேறு வேலை. தொண்டைக்கு இதமாக இருக்கும், மூக்கடைப்பு கொஞ்சம் இளகும், சாப்பிடப் பிடிக்காத நேரத்திலும் உடம்பில் தண்ணீர் சேரும், ராத்திரி தூக்கம் வரும். அந்தப் பத்து நாளைச் சுருட்டி முனகாமல் தள்ள இவ்வளவு போதும். இதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. "இன்னும் ரெண்டு நாள் கசாயம் குடிச்சுப் பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே டாக்டரிடம் போகத் தாமதிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் வீட்டில் கசாய டம்ளர் வரும்போது தெர்மாமீட்டரும் கூடவே வரும்.

சரி, சுக்குக்கு வருவோம். எங்கள் பக்கம் அதுதான் முதல் மருந்து. ராத்திரி பஸ் ஸ்டாண்டில் சைக்கிளில் கேன் கட்டிச் சுக்குக் காபி விற்பவரிடம் வாங்கிக் குடிக்காத திருநெல்வேலிக்காரர் இருக்க மாட்டார். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்கும் வழியில் யாராவது ஒரு டம்ளர் நீட்டுவார்கள். அதைவிட வீட்டில் போடுவது நன்றாக இருக்கும், ஆனால் சுக்கு நல்லதாக அமைய வேண்டும். டவுனில் நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு நாள் இரண்டு டப்பாக்களில் சுக்கு இருந்தது. ஒன்று சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்று மண் நிறம், பார்க்க அழுக்காகக்கூடத் தெரிந்தது.

"அண்ணாச்சி, இந்த வெள்ளைச் சுக்கு நல்லதா?"

"அது சுண்ணாம்புத் தண்ணில முக்கிக் காய வச்சதுக்கா. பூச்சி விழாது, பார்வைக்கும் நல்லாருக்கும். நீங்க வீட்டுக்குத்தான கேக்கீங்க? இந்த அழுக்கையே கொண்டு போங்க. உடைச்சுப் பாருங்க, உள்ள நார் வந்தா மணம் எப்படி அடிக்குன்னு."

உடைத்தேன். மூக்கில் ஏறியது. அன்றிலிருந்து சுக்கை உடைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. உள்ளே கறுப்பாகவோ ஓட்டை விழுந்தோ இருந்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கத்தியால் மேல் தோலைச் சுரண்டிவிட வேண்டும். சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு என்று பெரியவர்கள் சொல்வதை நாங்கள் அப்படியே வைத்துக்கொள்கிறோம். நஞ்சோ இல்லையோ, மண்ணும் பூஞ்சையும் ஒட்டியிருப்பது அந்தத் தோலில்தான்.

பொடிக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு இது: சுக்கு 100 கிராம், கொத்தமல்லி விதை 200 கிராம், மிளகு 25 கிராம், சீரகம் 25 கிராம், ஏலக்காய் ஒரு கைப்பிடி. சளி அதிகமான மாதங்களில் திப்பிலியும் சித்தரத்தையும் ஒரு துண்டு சேரும். மல்லியை மட்டும் லேசாக வாசம் வரும்வரை வறுக்கலாம், மற்றதெல்லாம் வெயிலில் காய்ந்தால் போதும். சுக்கை உரலில் இடித்துத் துண்டாக்காமல் மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். அரைத்ததைச் சலித்து நாரை எடுத்துவிடுங்கள். அந்த நாரை எறிய வேண்டாம், ரசம் கொதிக்கும்போது ஒரு துணியில் முடிந்து போட்டு எடுத்தால் அதற்கும் ஒரு மணம் கிடைக்கும்.

இரண்டு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி. கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஐந்தாறு நிமிடம் வைத்து, இறக்கி ஒரு நிமிடம் தெளிய விட்டு வடித்தால் சரியாக இருக்கும். கருப்பட்டியை நேராகப் போடக் கூடாது. தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் அடியில் எவ்வளவு மண் தங்குகிறது என்று தெரியும். எங்கள் அப்பா திசையன்விளைப் பக்கம் என்பதால் நல்ல கருப்பட்டி கிடைத்துவிடுகிறது. அதிலும் மண் இருக்கும். சீனிப்பாகு கலந்த கருப்பட்டியில் மண் குறைவு, மணமும் குறைவு.

பால் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பச்சை இஞ்சியைத் தட்டிப் பாலில் போட்டால் திரிந்துபோகும். இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, அதன் வேலை இது. தண்ணீரில் இஞ்சியை நன்றாகக் கொதிக்க விட்டு, அந்த நொதி அடங்கிய பிறகு பாலைச் சேர்த்தால் பிரச்சினை இல்லை. கருப்பட்டியும் கொதிக்கும் பாலைத் திரித்துவிடும், அடுப்பை அணைத்த பிறகு கலக்க வேண்டும்.

இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருளில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. அது ஜிஞ்சராலைவிடக் காரமானது. சுக்குக் காபி தொண்டையில் இறங்கும்போது இஞ்சி டீயைவிடச் சுள்ளென்று இருப்பது இதனால்தான். வெறும் வயிற்றில் கெட்டியாகக் குடித்துவிட்டு "நெஞ்சு எரியுது" என்று வருபவர்களும் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர், அதுவும் ஏதாவது சாப்பிட்ட பிறகு, அவ்வளவு போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சுக்கு, இஞ்சி, பூண்டு எதையும் மருந்தளவுக்குத் தினமும் எடுக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். சமையலில் சேர்ப்பது வேறு.

அத்தைக்குச் சர்க்கரை உண்டு. "கருப்பட்டி சுகர் ஏத்தாதும்மா" என்பது அவருடைய பல வருட நம்பிக்கை. வாதாடிப் பயனில்லை என்று, ஒரு நாள் சுக்குக் காபி குடித்த பிறகு வீட்டு மீட்டரிலேயே பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து அவருக்கு இனிப்பில்லாத சுக்கு மல்லித் தண்ணீர்தான். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான், பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் ரத்தத்துக்கு அது சர்க்கரை. பனங்கற்கண்டும் அப்படியே.

சுக்கைச் சொல்லிக்கொண்டே நீண்டுவிட்டது. மற்றதற்கு வருகிறேன். கசாயம் வைப்பதில் பலர் கவனிக்காத ஒன்று, எதை எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது என்பது. சுக்கு, சித்தரத்தை, அதிமதுரம், திப்பிலி மாதிரி கெட்டியான வேர், காய்களுக்கு நேரம் வேண்டும். தட்டிப் போட்டுச் சிறுதீயில் வைத்தால்தான் சாறு இறங்கும். துளசி, ஓமவல்லி, புதினா இவையெல்லாம் நேர் எதிர். இவற்றின் குணம் பெரும்பாலும் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. கால் மணி நேரம் கொதிக்க விட்டால் வீடு மணக்கும், டம்ளரில் ஒன்றும் மிஞ்சாது. அடுப்பை அணைத்துவிட்டு இலையைப் பிய்த்துப் போட்டு, தட்டு மூடி, ஐந்து நிமிடம் கழித்துக் குடிக்க வேண்டும். மூடியின் உள்பக்கம் திரண்டிருக்கும் துளிகளையும் டம்ளரிலேயே தட்டிவிடுங்கள்.

ஓமவல்லி என்றும் கற்பூரவல்லி என்றும் சொல்லும் செடி எங்கள் மாடியில் ஒரு உடைந்த வாளியில் இருக்கிறது. ஒரு கிளையைக் கிள்ளி நட்டால் போதும், கேட்பாரில்லாமல் வளரும். ஓமத்தில் இருக்கும் தைமால் இந்த இலையிலும் இருக்கிறது, அதுதான் அந்த வாசம். சளிக்கு ஒரு இலையைத் தணலில் வாட்டிச் சாறு பிழிந்து, வெந்நீரில் கலந்து, குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்தால் தேன் சேர்த்துக் கொடுக்கலாம். மாடியில் அது ஒன்று இருந்தால் பாதி இருமல் மருந்து வாங்க வேண்டியதில்லை என்பது அத்தையின் கட்சி. இந்த ஒன்றில் நானும் அவர் கட்சிதான்.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் கலந்திருந்து குழந்தைகள் இறந்ததை எல்லோரும் படித்தோம். அதையொட்டி மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாக வேண்டாம் என்று மறுபடி அறிவுறுத்தியது. சின்னப் பிள்ளைகளின் இருமல் பெரும்பாலும் தானாக அடங்குவது என்பதுதான் காரணம். அந்த வாரம் எங்கள் தெருவில் ஓமவல்லிக் கிளை கேட்டு வராத வீடில்லை.

ஆடாதோடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தைச் செயற்கையாக உருவாக்கினார்கள். இன்றைக்கு இருமல் மருந்து பாட்டில்களில் படிக்கிற ஆம்ப்ராக்சாலும் அதே வழியில் வந்ததுதான். வேலியில் நின்ற செடி மெடிக்கல் ஷாப் வரை போயிருக்கிறது. அதனாலேயே அதை மருந்தாகத்தான் நினைக்க வேண்டும், டீ மாதிரி தினம் குடிக்கக் கூடாது. கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால் கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

தொண்டை கரகரப்புக்கு நாங்கள் செய்வது மிக எளிது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது, அப்புறம் ஒரு ஸ்பூன் தேன். ராத்திரி இருமலுக்குத் தேன் நன்றாகவே கேட்கிறது. கொதிக்கிற நீரில் கலக்காமல், குடிக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகு சேர்த்தால் மணம் போகாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் நாக்கில் தொட்டு வைக்கும் அளவுகூடத் தேன் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், குழந்தையின் தசைகள் தளர்ந்து மூச்சே சிரமமாகலாம். கலப்படமில்லாத மலைத்தேன் என்றாலும் இதே கதைதான். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுவது நல்லது. பெரியவர்கள் வரிசையில் நிற்கும்போது பேச முடியாது.

மஞ்சள் பாலுக்கு இரண்டு குறிப்பு. மஞ்சளிலுள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தனியாகப் போனால் உடம்பு அதை அதிகம் எடுத்துக்கொள்வதும் இல்லை. மிளகிலுள்ள பைப்பரின் கூட இருந்தால் உறிஞ்சுவது பல மடங்கு கூடுகிறது என்று 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. நம் வீட்டுப் பாட்டிகள் பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப் போட்டது ருசிக்கா, இந்தக் கணக்குக்கா என்று யார் கண்டது. எப்படியோ சரியாகப் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் மஞ்சள் தூளை நான் வாங்குவதில்லை. நிறத்துக்காக ஈயம் கலந்த லெட் குரோமேட்டைச் சேர்ப்பது வங்கதேசத்தில் பெரிய அளவில் நடந்தது 2019-ல் வெளிவந்தது. ஈரோட்டு விரலி மஞ்சளை வாங்கி, காய வைத்து, மில்லில் கொடுத்து அரைத்து வாங்கினால் அந்தக் கவலை இல்லை. வருடத்துக்கு ஒரு வேலைதானே.

இனி அதிமதுரம். அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். ஊர்க் கோயில் பஜனையில் பாடுவார். தொண்டைக்கு நல்லது என்று யாரோ சொல்ல, அதிமதுரக் குச்சியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தார். போதாததற்குக் காலையில் அதிமதுரத் தண்ணீர் வேறு. பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லை. காலில் வீக்கம் வந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார், பொட்டாசியம் குறைந்திருந்தது. "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா சார், நாட்டு மருந்து மாதிரி?" என்று கேட்டதும் அப்பா சட்டைப் பையிலிருந்து குச்சியை எடுத்து மேஜையில் வைத்தார். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும், பிரஷர் ஏறும். குச்சி போனது, கொஞ்ச நாளில் வீக்கமும் போனது. பாட்டு அப்படியேதான் இருக்கிறது, அதற்கு எந்த மூலிகையும் உதவாது என்று அம்மா சொல்வார். சளிக்கு இரண்டு மூன்று நாள் ஒரு துண்டு போட்டுக் கசாயம் குடிப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. பிரஷர், சிறுநீரகம், இதயம் என்று ஏதாவது தொந்தரவு இருப்பவர்கள் அதையும் விட்டுவிடலாம்.

வயிற்றுக்கு வந்தால் வகை குறைவு. சாப்பிட்டது செரிக்காமல் வயிறு உப்பினால் அரை ஸ்பூன் ஓமத்தை வறுத்து, ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு மூடி வைத்துக் குடிப்பது. குமட்டலுக்கு இஞ்சிச் சாறு ஒரு ஸ்பூன் வெந்நீரில். கர்ப்பிணிகளுக்கு வரும் குமட்டலுக்கும் சமையல் அளவில் இஞ்சி உதவுகிறது. வேனல் காலத்தில் நீர்மோரும் பானகமும். சீரகத் தண்ணீரைப் பற்றி இங்கே ஒரு புராணமே ஓடுகிறது. அது வாசமான தண்ணீர், அதனால் நிறையக் குடிப்போம், எனக்கு அது போதும்.

ஆனால் வயிற்றுப்போக்கு என்றால் எங்கள் வீட்டில் கசாயம் கிடையாது. மாதுளைத் தோல், கொய்யாக் கொழுந்து, வெந்தயம் என்று ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஆபத்து போக்கில் இல்லை, அதோடு வெளியேறும் நீரிலும் உப்பிலும் இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்து போனால்தான் குடல் தண்ணீரை வேகமாக உள்ளே இழுக்கும். 1971-ல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலானபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலக்கிக் குடிக்க வைத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சமையலறையில் செய்ய முடிகிற பானங்களில் இதைவிடப் பெரியது ஒன்றை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்.

இந்த உப்பு சர்க்கரைக் கரைசலுக்கான தூள்தான் கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கிடைக்கும் பொட்டலம். அதை வாங்கும்போது எடையைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 20.5 கிராம். முழுப் பொட்டலத்தையும் முழு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கண்ணளவில் போட்டால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். கலக்கியது ஒரு நாளுக்கு மேல் இருந்தால் கொட்டிவிட வேண்டும். அட்டைப் பெட்டியில் ஆப்பிள் வாசத்தோடு வந்த இனிப்புப் பானங்களை இதே பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த அளவுக்குப் பொருந்தாத பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பொட்டலம் கைக்கு வரும்வரை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவு. உப்பில் மட்டும் தாராளம் கூடாது. உப்புப் போட்ட அரிசிக்கஞ்சித் தண்ணீரும் நல்லது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, அதனால் அதை மட்டும் நம்பக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர் கொடுக்கவே வேண்டாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பொட்டலத்தோடு 14 நாளுக்குத் துத்தநாக மாத்திரையும் தருவார்கள். பாதியில் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

காய்ச்சலுக்கு நிலவேம்பு. 2012-ல் கடையநல்லூர் பக்கம் டெங்கு வந்து எங்கள் மாவட்டமே பதறியது. அந்த வருடம் அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. அதில் இருப்பது நிலவேம்பு மட்டும் அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என்று நிலவேம்போடு சேர்த்து ஒன்பது சரக்கு. அதன் கசப்பு நாக்கில் அரை நாள் நிற்கும். 200 மில்லி தண்ணீரில் பொடியைப் போட்டு 50 மில்லியாக வற்ற வைத்து, வடித்து, உடனே குடித்துவிட வேண்டும். காலையில் வைத்ததை ராத்திரிக்கு எடுத்து வைப்பதில் பயனில்லை. கர்ப்பிணிகளுக்குச் சித்த மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

நாங்கள் அதைக் குடிக்கிறோம், ஆனால் ரத்தப் பரிசோதனைக்குப் பதிலாகக் குடிப்பதில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் பரிசோதனைக்குப் போய்விடுவோம். டெங்குவில் ஏமாற்றும் விஷயம், காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். உடம்பு குளிர்ந்துவிட்டது, கசாயம் கேட்டுவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும்போது, கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், ஆள் சோர்ந்து சுருள்வது எது வந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. உடம்பு வலிக்கிறதே என்று ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போடக் கூடாது. பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு.

2020-ல் கபசுரக் குடிநீர் வந்தது. பதினைந்து சரக்கு. தெருவுக்குத் தெரு அண்டாவில் காய்ச்சிக் கொடுத்தார்கள். அதில் ஒரு நல்லது, மூடிக் கிடந்த வீடுகளில் பக்கத்து வீட்டு ஆள் முகத்தைப் பார்க்க முடிந்தது. கெட்டது, எதிர்ப்பு சக்தி என்ற பெயரில் ஆரோக்கியமாக இருந்தவர்களும் மாதக்கணக்கில் கசாயத்தைத் தண்ணீர் மாதிரி குடிக்கப் பழகினார்கள். சீந்தில் கொடியைத் தொடர்ந்து எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். கசாயத்துக்கு ஒரு முடிவு நாள் வேண்டும். எங்கள் வீட்டில் அது மூன்றாம் நாள், அதிகம் போனால் ஐந்தாம் நாள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் எந்த இலையும் வேண்டாம், சளிப் பரிசோதனைதான். அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்க்கு இலவசமாகப் பார்க்கிறார்கள்.

கடைசியாகக் கைக்குழந்தை. இதில்தான் எனக்கும் அத்தைக்கும் பெரிய சண்டை நடந்தது. மகள் பிறந்து சில வாரத்தில் உரைமருந்துக் கல்லை எடுத்து வைத்தார். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் தாய்ப்பாலில் உரசி ஒரு பாலாடை.

"அத்தை, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. தண்ணிகூட வேண்டாமாம்."

"உம் புருஷன இதக் குடுத்துத்தாம்மா வளத்தேன். நல்லாத்தான இருக்கான்?"

"நல்லாத்தான் இருக்காங்க. ஆனா அந்தக் கல்ல எப்பக் கழுவுனீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கல்லை உள்ளே வைக்கவில்லை. தடுப்பூசி போடப் போன நாளில் குழந்தை மருத்துவரிடமே அவரை உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன். நான் சொன்னால் மருமகள் பேச்சு, அவர் சொன்னால் டாக்டர் பேச்சு. அவர் பொறுமையாக விளக்கினார். ஜாதிக்காய் கொடுத்ததும் குழந்தை அசந்து தூங்குவது வயிறு சரியானதால் அல்ல, அதிலுள்ள மயக்கும் பொருளால். வசம்பில் பீட்டா அசரோன் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1968-லேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். உரசும்போது எத்தனை துளி, எவ்வளவு அடர்த்தி என்று யாருக்கும் தெரியாது, கல்லில் இருக்கும் கிருமியும் கூடவே போகும். அத்தை வீட்டுக்கு வந்து வசம்பை மட்டும் ஒரு கயிற்றில் கட்டிக் குழந்தையின் கையில் வளையலாகப் போட்டார். அதுவும் வாய்க்குப் போகும் என்று சொல்ல, தொட்டில் கயிற்றில் உயரத்தில் கட்டினார். அங்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். குழந்தைக்கு வயிறு உப்பினால் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டுவதும் காலை மடக்கி நீட்டுவதும் அவர் கைக்கு நன்றாக வரும். என்னைவிட நன்றாக.

சரக்கைப் பத்திரப்படுத்துவது சுருக்கம்தான். ஐம்பது, நூறு கிராமாக வாங்குங்கள். டப்பாவில் பெயரும் வாங்கிய மாதமும் ஒட்டி வையுங்கள், அரைத்த பிறகு சித்தரத்தையும் சுக்கும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பூஞ்சை வாடை லேசாக வந்தாலும் மொத்தமும் குப்பைக்கு. புளி, எலுமிச்சை சேரும் கசாயத்தை அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், எவர்சில்வர் போதும். தெரியாத இலையை யாரோ வேலியில் காட்டினார்கள் என்று பறித்துக் கொதிக்க வைக்காதீர்கள். ஆவி பிடிக்கும்போது குழந்தை பக்கத்தில் வேண்டாம், அந்த வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோய் வரும் குழந்தைகளைப் பார்த்தவர்கள் நர்ஸ்கள்.

டாக்டரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு நாங்கள் என்னென்ன கசாயம் குடிக்கிறோம் என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகிறோம். அப்பாவின் குச்சிக்குப் பிறகு வந்த பழக்கம் இது. சில டாக்டர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். போன தடவை போன இடத்தில் டாக்டர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, இரண்டை அடித்துவிட்டு, சுக்கு மல்லியில் மட்டும் நின்று அளவு கேட்டார். அவர் அம்மாவுக்காம்.